கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

தஞ்சாவூர் அச்சகத்திலிருந்து குஞ்சிதபாதம் போன் செய்தபோது எழில்மொழி ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவர் கோபப்பட்டுப் பேசுகிற மனிதர் இல்லை. அப்படிப்பட்டவர் குரலைத் தாழ்த்திப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"ஏம்மா, நீ குடுத்த பென் டிரைவச் சொருகுனதும் எங்க ஃபோல்டர் பூரா ஷார்ட்கட்டா மாறிப்போச்சு. உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு. சுத்தம் பண்ணிட்டு அனுப்பு. அதுவரைக்கும் வேலைய நிறுத்தி வெச்சுக்குவோம், தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்க அவளுக்கு நேரமில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற சமயத்தில் வேலை நின்றால் அது அடுத்த ஆளிடம் போய்விடும், போனது திரும்பாது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எழில்மொழி கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவள் அப்பா இராஜாங்கம் யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்தார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. அச்சகம் கேட்கிற பழைய எழுத்துருவும் பழைய மென்பொருளும் புதுக் கம்ப்யூட்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இந்தக் கிழத்தோடு மட்டும்தான் குடித்தனம் நடத்தும். அதனால் அவள் இதற்குச் செய்யாத பணிவிடை இல்லை. சூடு தாங்காது என்று பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்திருந்தாள். மழைக்காலத்தில் உயிர் வராமல் முரண்டு பிடித்தால் ரேமைப் பிடுங்கி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகுவாள். அது இருமிக்கொண்டே எழுந்துவிடும்.

வீடு என்றால் ஒரு கூடமும் ஓர் அறையும். குளிக்கிற மறைப்பு கொல்லையில் இருந்தது. குளித்துவிட்டு ஈரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து தாயும் மகளும் உடை மாற்றுவது அந்த அறையில்தான். கம்ப்யூட்டர் இருந்ததும் அங்கேதான்.

"பகலவனுக்கு ஒரு போன் போடேன்டி. வந்து பாத்துக் குடுத்துட்டுப் போவும்ல" என்றாள் அம்மா அம்சம், கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி. மழை பிடித்துக்கொண்டதால் களையெடுப்பு இல்லை, வீட்டில் இருந்தாள்.

பகலவன் அம்சத்தின் நாத்தனார் மகன். எழில்மொழிக்கு முறைமாப்பிள்ளை. நீடாமங்கலம் கடைத்தெருவில் செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். இராஜாங்கம் இறந்த அன்று பந்தல்காரனைக் கூப்பிட்டதிலிருந்து ரேஷன் அட்டையில் பெயர் நீக்கியதுவரை அவன்தான். அம்சம் அவனைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்திருந்தாள். தையில் கல்யாணம். ஐப்பசியில் நிச்சயம் முடிந்த கையோடு, இனிமேல் தாலி கட்டுகிறவரை மாப்பிள்ளை கூடத்தைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டவளும் அவளேதான்.

"உள்ள வரக் கூடாதுன்னியே?"

"ஆத்திர அவசரத்துக்கு என்னடி சட்டம்?"

எழில்மொழி அவனைக் கூப்பிடவில்லை. பிடிக்காமல் இல்லை. இந்தக் கிழத்தைக் கட்டி மேய்ப்பது தன் வேலை என்று ஒரு வீம்பு, அவ்வளவுதான். கல்லூரித் தோழி பர்வினைக் கூப்பிட்டாள். பர்வினுக்குத் திருச்சியில் ஒரு நிறுவனத்தில் வேலை. கம்ப்யூட்டரில் புகுகிற கேடுகளைப் பிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள்.

"விண்டோஸ் செவனா? அத இன்னும் உசுரோட வெச்சிருக்கியாடி?" என்று சிரித்தாள் பர்வின். "சரி, நான் ஒரு ஸ்கேனர் அனுப்புறேன். எறக்கிக்க. எறக்குனதும் நெட் வயரப் புடுங்கிடு. அப்புறமா சேஃப் மோட்ல போயி ஓட விடு."

அவள் சொன்னபடியே செய்தாள். பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. மேசை விசிறி சத்தம் போட்டது, வெளியே மழை அதைவிடச் சத்தம் போட்டது. அம்சம் கீரையை அலசிவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

ஷார்ட்கட் வைரஸ் முதலில் அகப்பட்டது. "அது ஊர்ல இருக்கிற எல்லாப் பென் டிரைவ்லயும் இருக்கும், ஜலதோஷம் மாதிரி. அழிச்சிடு" என்றாள் பர்வின். அழித்தாள். கோடு மறுபடி ஊர்ந்தது. பிறகு சிவப்பில் இன்னொரு பெயர் வந்தது. விண்டோஸின் சொந்த நிரல் போலவே பெயர் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்கிற ஒன்று. எழில்மொழி அந்த வரியைப் படமெடுத்து அனுப்பினாள்.

பர்வினின் குரல் மாறிவிட்டது. சிரிப்பும் நின்றுபோயிருந்தது.

"எழிலு, இத அழிக்காத. இதுல எதையும் தொடாத. உன் கம்ப்யூட்டர்ல கேமரா இருக்கா?"

"இருக்கு. மானிட்டர் மேல கிளிப் போட்டது. கொரோனால ஆன்லைன் கிளாஸுக்கு வாங்குனது. இப்ப யூஸ் பண்றதே இல்ல. ஏன்?"

"இது கேமராவ ரகசியமா ஆன் பண்ணிப் படம் புடிக்கிறது. புடிச்சு ஒரு ஃபோல்டர்ல வெச்சுக்கும். நெட் இருந்தா வெளிய அனுப்பிடும்." படத்தை மறுபடி பார்த்துவிட்டு, "இது பென் டிரைவ்ல தானா வந்து ஏறுற சாதி இல்லடி. யாரோ முன்னாடி உக்காந்து கைப்பட வெச்சாத்தான் உண்டு" என்றாள்.

எழில்மொழி நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். பார்த்தவுடன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நெட் வயரைப் பிடுங்கிவிட்டோம், இப்போது யாரும் பார்க்க முடியாது என்று அறிவுக்குத் தெரிந்தது. கை கேட்கவில்லை. இந்த அறையில் அவள் என்னவெல்லாம் செய்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. துணி மாற்றியது, வியர்வை தாங்காமல் உள்பாவாடையோடு படுத்துக் கிடந்தது, அப்பாவை நினைத்து வாய்விட்டு அழுதது. அதையெல்லாம் எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

"ஃபோல்டரத் தொறக்கணும்டி. நான் இருக்கேன், லைன்ல இரு" என்றாள் பர்வின்.

திறந்தாள். படங்கள் தேதி தேதியாக நிரம்பிக் கிடந்தன. கண்ணை இடுக்கிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பேய்ப் படம் பார்ப்பதுபோல் முதலில் கடைசிப் படத்தைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. கறுப்பும் சிவப்புமாக ஒரு குழம்பல். அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது, எல்லாம் அதே குழம்பல்.

புரியாமல் மறுபடி கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியின் மேல் காய்ந்துபோன சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜையன்று இந்த ஊரில் பொட்டு வாங்காமல் தப்பிக்கிற சாமான் கிடையாது. கருக்கரிவாள், மண்வெட்டி, பம்புசெட், மிக்ஸி, சைக்கிள் என்று அம்சம் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டரிடம் வந்ததும் எதை நெற்றியாகக் கொள்வது என்று ஒரு கணம் யோசித்து, உச்சியில் உருண்டையாக இருந்த இடத்தைப் பிடித்து அழுத்தமாக வைத்துவிட்டாள். "ஐயோ, அது கேமராம்மா" என்று மகள் கத்தியதற்கு, "இருக்கட்டுமே, அதுவும் வேல செய்யிறதுதானே. பூசப் பொட்ட அழிக்காத, தானா உதிரட்டும்" என்று அடுத்து தையல் மிஷினுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதமாக அது உதிரவில்லை.

எழில்மொழிக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பூஜைக்கு முந்தின படங்கள் மேலே இருந்தன. அவை சின்னதாகத் தெரியும்போதே பளிச்சென்று இருந்தன.

"ஆரம்பத்துல இருந்து பாரு" என்றாள் பர்வின்.

முதல் படத்தில் ஒரு முகம் திரைக்கு வெகு அருகில் இருந்தது. கீழே விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்திருந்தது. கவனமாக வேலை செய்கிறபோது உதட்டைக் கடித்துக்கொள்வது பகலவனின் பழக்கம். படத்திலும் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், அறை வாசலில், அம்சம் அவனுக்குக் காபித் தம்ளரோடு வந்துகொண்டிருந்தாள்.

புரட்டாசிக் கடைசியில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது அவன்தான் வந்து ஃபார்மட் பண்ணிக் கொடுத்தான். பைசா வாங்கவில்லை.

"பர்வின், இது அத்தான்டி" என்றாள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்து இடித்தது. நிச்சயத்துக்குப் பிறகு அவன் போன் பண்ணும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டியா, அத்தைக்குக் கால்வலி எப்படி இருக்கு, கேமரா கண்ணாடியத் தொடச்சு வெச்சியா, மழைக்காலம், பூஞ்சை புடிச்சா போயிடும். தன் பழைய கம்ப்யூட்டர்மேல்கூட இவனுக்கு எவ்வளவு அக்கறை என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பூஜைவரை இருந்த படங்கள் அதிகமில்லை. அவள் தட்டச்சு செய்கிறாள். காலிக் கட்டில். மறுபடி அவள், தலை துவட்டியபடி. அடுத்ததில் ஒரு முதுகு. ஈரக்கூந்தலை முன்னால் போட்டிருந்ததால் முழு முதுகும் தெரிந்தது. தன் முதுகை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பார்க்கிற முதல் தடவை இப்படியா என்று இருந்தது. அதற்கடுத்த படத்தைத் திறந்ததும் மூடிவிட்டாள். அதில் இருந்தது அவள் இல்லை.

"கம்ப்யூட்டர அணைச்சு எடுத்து வெய்யி. ஒரு ஃபைலயும் அழிச்சிடாத, அதுதான் சாட்சி" என்று பர்வின் சொல்லிக்கொண்டிருந்தாள். "மகளிர் ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்கலாம். நான் வர்றேன். நீ பயப்படாத." போனை வைத்துவிட்டாள்.

பயப்படாமல் இருப்பதா? அறை வாசலில் அம்சம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மாப்ளகிட்ட நானே சொல்லிட்டேன். கம்ப்யூட்டருக்கு நோவு, எவளோ போன்ல சொல்லச் சொல்ல இவ நோண்டிக்கிட்டு இருக்கான்னேன். பதறிப்போச்சு பாவம். ஒண்ணையும் தொட வேணாம்னு சொல்லு, நான் வந்து கடைக்கு எடுத்துட்டுப் போறேன்னு கெளம்பிடுச்சு."

எழில்மொழி எழுந்து வெளிக்கதவுக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். அம்சம் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். மகள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து திரைமுன் நிறுத்தி, முதல் படத்தைத் திறந்தாள்.

"இது மாப்ளதான். கேமரா ஓடுதான்னு பாத்திருக்கும்."

"இல்லம்மா." எழில்மொழி சொன்னாள். திக்கித் திணறி, பாதி தொழில் வார்த்தையும் பாதி உளறலுமாகச் சொன்னாள். இந்தப் பொட்டு மட்டும் இல்லையென்றால் இன்றைக்குவரை இருவரும் அவன் கண்முன்னால்தான் இருந்திருப்போம் என்றாள்.

அம்சம் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"தப்புதான். நான் கேக்குறேன் அவன. ஆனா வெளிய போயிச் சொல்லாத. கட்டிக்கப் போறவன்தானடி? தை பொறந்தா அவன் பாக்கப் போறதுதானே. இத ஊருக்குச் சொன்னா யாருக்கு அசிங்கம்? நிச்சயம் நின்ன பொண்ணுன்னு உன்னையத்தான் சொல்லுவாங்க. உங்கப்பா இருந்தா..."

அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவள் முடிக்கவில்லை. எழில்மொழிக்கு இதுவரை வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் வருவான். அம்மா கதவைத் திறப்பாள். கண்டிப்பாள், அவன் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்பான், காபி குடிப்பான், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போவான். தையில் தாலி கட்டுவான். பிறகு ஆயுசு முழுக்க அவள் இருக்கிற ஒவ்வோர் அறையிலும் எங்கோ ஒரு கண் இருக்கும், அதற்குப் பொட்டு வைக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

காட்ட வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. காட்டக் கை வரவில்லை. காட்டினால் அவன் செய்ததையே தானும் ஒருமுறை செய்வதாக ஆகும் என்று தோன்றியது. ஆனாலும் அவளிடம் சொல்லுக்கு மேல் இருந்தது அது ஒன்றுதான்.

"அம்மா, என்னைய மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டு, மூடி வைத்த படத்தைத் திறந்துவிட்டுத் தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்த அம்சம் ஈரப்பாவாடையோடு கட்டிலோரம் நின்று, உலர்ந்த சேலையை உதறப் போகிற நேரம். மகள்கூட அவளை அப்படி நின்று பார்த்ததில்லை. இந்த வீட்டில் மகள் பெரியவள் ஆனபிறகு தாயும் மகளும் ஒருவருக்கொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உடை மாற்றுவார்கள்.

பின்னால் சத்தமே இல்லை. மழைகூடச் சற்று அடங்கியிருந்தது. அம்மா அழுவாள், கத்துவாள், திரையைக் கையால் மறைப்பாள் என்று எழில்மொழி எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. அம்சம் எழுந்து கூடத்துக்குப் போகிற காலடி மட்டும் கேட்டது.

அதே நேரம் வாசலில் பைக் வந்து நின்றது.

"அத்தை" என்று கூப்பிட்டான் பகலவன். எப்போதும்போல வாஞ்சையான குரல். "என்ன அத்தை, பட்டப்பகல்ல கதவச் சாத்தி வெச்சிருக்கீங்க?"

அறைக்குள் எழில்மொழியின் போன் அடித்தது. அவன்தான். அவள் எடுக்கவில்லை. அது மேசைமேல் அதிர்ந்துகொண்டே நகர்ந்து விசைப்பலகையில் முட்டி நின்றது. அவள் சுவரைப் பிடித்தபடி கூடத்தை எட்டிப் பார்த்தாள். அம்மா கதவருகே நின்றாள். கை தாழ்ப்பாளில் இருந்தது.

"எழிலு, உள்ளதான இருக்க?" இப்போது குரலில் கொஞ்சம் மெருகு குறைந்திருந்தது. "நெட்ட ஏன் கட் பண்ணுன?"

கடையில் இருந்தவனுக்கு இந்த அறையில் வயர் பிடுங்கியது எப்படித் தெரியும் என்று அம்சத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவள் கை தாழ்ப்பாளை விடவில்லை. திறந்துவிடுவாளோ என்று எழில்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, தொறங்க. நனையுறேன்ல?"

அம்சம் கதவோடு வாயை வைத்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. ஆனால் வெளியே நின்றவனுக்கு ஒரு சொல்கூடத் தவறியிருக்காது.

"உள்ள ரெண்டு பேரும் உடுத்திக்கிட்டுதான் இருக்கோம். பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. போ."

வெளியிலிருந்து, "எழிலு என்னமோ தப்பா புரிஞ்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தான். அம்சம் கூடத்தில் இருந்த நெல்மூட்டையை இழுத்துக் கதவோடு சாத்திவைத்தாள். அந்தச் சத்தமே அவனுக்குப் பதிலாக இருந்தது. அவன் ஒருமுறை கதவைத் தட்டினான், பிறகு கைப்பிடியைப் பிடித்து உலுக்கினான். எழில்மொழி காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் காளியம்மாள், "யாரு அது, மாப்ளயா? ஏன் மழையில நிக்கிறீங்க?" என்று குரல் கொடுத்த பிறகுதான் பைக் கிளம்புகிற ஓசை கேட்டது.

அது தெருக்கோடி திரும்பி அடங்குகிறவரை இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவன் திரும்பி வருவான், அவன் அம்மா வருவாள், ஊர் வரும். எழில்மொழிக்கு அது எல்லாமே தெரிந்துதான் இருந்தது.

அம்சம் அறைக்குள் வந்தாள். திரையில் அந்தப் படம் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, மகள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"உன்னோடதும் இருக்கா இதுல?"

எழில்மொழி தலையசைத்தாள்.

"அந்தப் பொண்ணு திருச்சியிலேர்ந்து வரட்டும். ஸ்டேஷனுக்குப் போவோம்." அம்சம் மகளின் முந்தானையைத் தோளில் சரியாக இழுத்துவிட்டாள். "படத்தக் காட்டுன்னு கேப்பாங்கல்ல? என்னோடதக் காட்டு. உன்னோடது வேணாம்."

அதுவரை அழாமல் இருந்த எழில்மொழிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.